‘நிர்வாகம் பொறுப்பல்ல’ போர்டைக் கழற்றுங்கள்: வேலூர் ஓட்டல் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் நகரத்து ஓட்டல், மெஸ், டீக்கடை முதலாளிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

லாட்ஜ் மாடிப்படியில் சாம்பார் கவர் விட்டுப்போய்க் குழந்தையின் தொடை வெந்த விஷயத்தை நாங்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எந்தக் கடைச் சாம்பார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கடையைப் பெயர் சொல்லி இழுப்பது எங்கள் நோக்கமல்ல. அதற்குப் பிறகு நடந்த இரண்டு காரியங்களுக்காகத்தான் இந்த மடல். வைத்தியத்துக்குக் கொடுத்த பணத்தை, பார்சல் கட்டிய பையனின் சம்பளத்தில் மாதத் தவணையாகப் பிடிக்கிறார்கள். கல்லாவுக்கு மேலே, ‘பார்சல் வாங்கிய பின் ஏற்படும் சேதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று போர்டு மாட்டிவிட்டார்கள். அதைப் பார்த்து மற்ற கடைகளும் அதே வாசகத்தை அடித்து ஒட்டத் தொடங்கியிருக்கின்றன.

உங்கள் கடைகளில் வேலை செய்கிற நாங்கள் கேட்பது இதுதான். அந்த போர்டைக் கழற்றுங்கள். பையனிடம் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். சூட்டுக்குப் பொறுப்பு கடையுடையது.

பையன் சரியாகக் கட்டவில்லை என்று சொல்லப்படுகிறது. கட்டு அவிழவில்லை ஐயா. நூல் கடைசி வரை கட்டியபடியேதான் இருந்தது. விட்டது கவரின் அடி ஒட்டு. ஏன் விட்டது என்பது பார்சல் கவுண்டரில் நிற்கிற எவருக்கும் தெரியும். காலை எட்டு மணிக் கூட்டத்தில் சாம்பார் அண்டா சிம்மில்தான் இருக்கும். உள்ளே 90 டிகிரிக்குக் குறையாது. அதிலிருந்து நேராக மொண்டு கவரில் ஊற்றி, வாயை முறுக்கி, நூலைச் சுற்றி இழுக்கிறோம். கொஞ்சம் காற்றும் உள்ளே மாட்டிக்கொள்கிறது. அந்தக் காற்றும் சூடேறி, ஆவியும் சேர்ந்து கவரை உப்ப வைக்கிறது. பொட்டலம் கிண்ணென்று நிற்பதைப் பார்த்து ‘நல்லா கட்டியிருக்கான்’ என்று மெச்சுகிற முதலாளிகள் உண்டு. அது கட்டின் நேர்த்தியல்ல, ஆவியின் அழுத்தம். மெல்லிய பாலிதீன் 110 டிகிரி வாக்கில் உருகியே போகிற சரக்கு. 90-ஐத் தொடும்போதே அது துவண்டுவிடும். துவண்ட கவர், உள்ளே அழுத்தம், கீழே கால் லிட்டர் சாம்பாரின் கனம், படியேறும்போது விழுகிற குலுக்கல். இத்தனையும் சேர்ந்தால் இருப்பதிலேயே பலவீனமான இடம் விடத்தான் செய்யும்.

தப்பித்தவறிக் கவர் அறை வரை போய்ச் சேர்ந்தாலும் ஆபத்து தீரவில்லை. ஈர நூலின் முடிச்சு விரலுக்கு வராது. பல்லால் கடிப்பார்கள், ஊக்கால் குத்துவார்கள், பிடித்து இழுப்பார்கள். பீய்ச்சி அடிக்கும்போது முகம் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்.

நம் ஊர் வாடிக்கையாளர் யார் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள கடைகளில் பார்சல் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள். வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், ஆந்திரா என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் இட்லிப் பார்சல், அதே விரலில் சாம்பார் கவரின் நூல், இடுப்பில் குழந்தை, கக்கத்தில் ரிப்போர்ட் ஃபைல், லிஃப்ட் இல்லாத லாட்ஜ். நாம் ‘சூடு, பாத்து’ என்று தமிழில் கத்துகிறோம். அவர்கள் ஏதோ சில்லறை பாக்கி கேட்கிறோம் என்று திரும்பிப் பார்க்கிறார்கள். சூடு என்பதற்கு வடக்கத்திக்காரருக்கு ‘கரம்’ என்று ஒரு சொல், தெலுங்குக்காரருக்கு ‘வேடி’ என்று ஒரு சொல் கவுண்டர் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? காந்தி ரோட்டில் கடைப் பெயரை வங்காள எழுத்தில் எழுதத் தெரிந்த நமக்கு, சூடு என்பதை மட்டும் எழுதத் தெரியவில்லை.

இவர்கள் கேட்கிற இன்னொன்று சுடுதண்ணீர். குழந்தைக்குப் பால் கரைக்க, நோயாளிக்கு மாத்திரை கொடுக்க என்று கேட்பார்கள். பிளாஸ்க் இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். அந்த பாட்டிலின் பிளாஸ்டிக் 70 டிகிரி வாக்கிலேயே இளகும். பாய்லர் தண்ணீரை ஊற்றியதும் பாட்டில் சுருங்கிக் கோணிக்கொள்ளும்; மரை கோணினால் மூடி ஏறாது, அடி கோணினால் பாட்டில் நிற்காது. பிடித்திருக்கிற கை தானாக விட்டுவிடும். பாய்லர் தண்ணீரை அந்த பாட்டிலில் ஊற்றவே கூடாது. ஆனால் ஊற்ற மாட்டேன் என்று சொல்கிற டீ மாஸ்டருக்குக் கல்லாவிலிருந்து வருவது வசவு.

சூடு என்றால் எவ்வளவு சூடு? 55 டிகிரி நீர் பெரியவர்களின் தோலை ஆழமாக வேக வைக்க அரை நிமிடம் போல ஆகும். 60-இல் சுமார் ஐந்து நொடி. 65-இல் ஓரிரு நொடி. 70-ஐத் தாண்டினால் ஒரு நொடிகூட வேண்டாம். குழந்தைகளின் தோல் மெல்லியது. அவர்களுக்கு இதைவிடச் சீக்கிரம். கொட்டுவது துணியின் மேல் என்றால், துணி அந்தச் சூட்டை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். 90 டிகிரிச் சாம்பாரை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு ‘ஜாக்கிரதையாகப் போயிருக்க வேண்டும்’ என்று சொல்வதில் என்ன நியாயம்? ஜாக்கிரதைப்பட அங்கே நேரமே இல்லை.

உணவுப் பாதுகாப்பு விதிகள் சூடான உணவை எவ்வளவுக்குக் கீழே இறங்க விடக்கூடாது என்றுதான் சொல்கின்றன: 60 டிகிரிக்குக் குறைந்தால் கிருமி பெருகும். மேலே எவ்வளவு வரை போகலாம் என்று அங்கே இல்லை. ஆகவே மேல் எல்லையைக் கடைதான் போட்டுக்கொள்ள வேண்டும். பார்சலுக்கு 70-ஐத் தாண்டாமல், 60-க்குக் குறையாமல்: இந்தப் பத்து டிகிரிக்குள் நிற்பதுதான் தொழில். 65-இலும் சுடும், மறுக்கவில்லை. கையை உதறிக்கொள்ளவாவது ஒரு கணம் கிடைக்கும்.

செய்வது கஷ்டமில்லை. கூட்டம் தொடங்குமுன் பார்சலுக்கென்று கொஞ்சம் சாம்பாரை அகல வாய்ப் பாத்திரத்தில் தனியே எடுத்து, கரண்டியால் அடிவரை கிளறிவிட வேண்டும். மேலே மட்டும் கிளறினால் பருப்பு அடியில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பாத்திரத்தின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும், ஓரத்தில் அல்ல. 70-க்கு வந்ததும் மூடி போட்ட டப்பாவில், ஒரு விரற்கடை இடம் விட்டு ஊற்ற வேண்டும். ஆவி கொஞ்சம் போனபின் மூடியை அழுத்த வேண்டும். பிளாஸ்டிக் டப்பா என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது சூடு தாங்குகிற ரகம். தூக்குவாளி கொண்டு வருகிறவருக்கு இரண்டு ரூபாய் குறைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் உணவு கட்டுகிற பிளாஸ்டிக் தாளுக்கும் கைப்பைக்கும் தடை இருக்கிறது. தடை வந்த பிறகும் கவர்க் கட்டு எந்த வழியாகக் கல்லாவுக்கு அடியில் வந்து உட்காருகிறது என்று நாங்கள் கேட்கவில்லை. பையனா வாங்கி வந்தான்?

சால்னாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரசம் ஆவி பறக்கும், பார்த்தாலே பயப்படுவார்கள். சால்னாவில் மேலே மிதக்கிற எண்ணெய் போர்வை போல மூடிக்கொள்வதால் ஆவி வெளியே தெரியாது. ஆறிவிட்டது என்று நினைத்துப் பரோட்டாவைத் தோய்த்து வாயில் வைப்பார்கள். ஏடு படிந்த பாலும் இப்படித்தான். நெய் ஊறிய பொங்கல், கேசரி இரண்டும் தோலில் பட்டால் வழியாது, ஒட்டிக்கொண்டு வேக வைக்கும். சப்ளையர் வாளியை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். மடியில் குழந்தை வைத்திருப்பவருக்கு மேலாகக் கரண்டியை நீட்டாமல், சுற்றிப் போய் மறுபக்கத்திலிருந்து ஊற்றச் சொல்லுங்கள். அதற்கு மேஜைகளுக்கு நடுவே சப்ளையர் நுழைய இடம் வேண்டும். நாலு சீட்டு கூடுதலாகப் போட்டது யார்?

டீயில் நம் முன்னோர் வழி நல்ல வழி. இரண்டு மூன்று ஆற்று ஆற்றினால் நுரையும் வரும், சூடும் இறங்கும். டவரா டம்ளரில் குடிப்பவர் தானே ஆற்றிக்கொள்வார். பேப்பர் கப் வந்தபின் ஆற்றவும் நேரமில்லை, கப்பின் விளிம்பு வரை ஊற்றாவிட்டால் அளவு குறைகிறது என்று சண்டை. ‘கொதிக்கக் கொதிக்கக் குடு’ என்று கேட்கிற வாடிக்கையாளருக்கும் இதில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறோம்.

அந்தப் பங்கு எவ்வளவு? அமெரிக்காவில் காபி கொட்டியதற்குக் கோடிகள் வாங்கினாள் ஒரு கிழவி என்று சிலர் இப்போது சிரிப்பது காதில் விழுகிறது. முழுதாகத் தெரிந்துகொண்டு சிரிக்கலாம். 1992-இல் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில், ஸ்டெல்லா லீபெக் என்ற 79 வயது அம்மையார், நிறுத்தியிருந்த காரில் கப்பை முழங்கால்களுக்கு நடுவே வைத்து மூடியைத் திறந்தபோது காபி மடியில் கொட்டியது. எட்டு நாள் மருத்துவமனை, தோல் ஒட்டு சிகிச்சை. அவர் முதலில் கேட்டது 20,000 டாலர். மெக்டொனால்ட்ஸ் தருகிறேன் என்றது 800. காபியை 82 முதல் 88 டிகிரிச் சூட்டில் வைத்திருப்பது நிறுவனத்தின் வழக்கம். பத்தாண்டில் 700-க்கும் மேற்பட்ட புகார்கள் அதற்கு முன்பே வந்திருந்தன. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1994-இல் அங்கே நடுவர் குழு (ஜூரி) அந்த அம்மையார் மேல் 20 சதவீதம், நிறுவனத்தின் மேல் 80 சதவீதம் என்று பொறுப்பைப் பிரித்தது. காபி கொடுத்த ஊழியரின் பங்கு என்று அந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லை.

நம் நாட்டிலும் நிலைமை உங்களுக்குச் சாதகமாக இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்பதற்குள் கவனக்குறைவும் அடங்கும். ஊழியர் வேலை நேரத்தில் செய்ததற்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும் என்பது பழைய நியாயம். போர்டு எழுதி மாட்டிக்கொண்டதால் அது கழன்றுபோகாது. பாதிக்கப்பட்டவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொல்கத்தாக்காரர் கொல்கத்தாவில் கொடுப்பார். உங்கள் போர்டைத் தூக்கிக்கொண்டு ஹௌரா ரயிலில் போவீர்களா? விளக்கம்கூடக் கேட்காமல் ஊழியர் சம்பளத்தில் கை வைக்கவும் சட்டத்தில் இடமில்லை.

ஏசி ஹாலுக்குச் சீலிங் மாற்றக் காசு இருக்கிறது. பார்சல் டப்பாவுக்குத் தனியாகப் பணம் வாங்கி, கவரில் கட்டிக் கொடுக்கிற சாமர்த்தியமும் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் அடுப்படிக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டால் மட்டும் கரண்ட் பில் ஞாபகம் வருகிறது. பிரியாணி தம் உடைக்கிறபோது முழங்கை வெந்தவருக்கு அரை நாள் லீவு, அதுவும் சம்பளமில்லாமல். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். பொறுப்பாளி இல்லாத ஓட்டல் என்று அதில் ஒன்றைச் சேர்த்துவிடாதீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டோம் என்றால் மன்னிக்கவும். உங்கள் உப்பைத் தின்கிறவர்கள்தான் நாங்கள்.

இன்னொன்றும் உடனே செய்ய வேண்டும். அன்று குழந்தையின் காலில் இட்லி மாவைப் பூசினார்கள். கடையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மாவுதான், அதனால் எல்லாக் கடையிலும் இதுதான் நடக்கிறது. மாவு, பேனா மை, பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். கை கழுவுகிற குழாயடியில் காயத்தை இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காட்ட வேண்டும். ஒட்டாத துணி, மோதிரம், கொலுசு இவற்றை வீங்குமுன் கழற்ற வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நிர்வாகம் பொறுப்பல்ல என்ற போர்டு இருக்கும் இடத்தில் இதை எழுதி மாட்டினால் போதும், ஆணியும் மிச்சம்.

மறுபடியும் பணிவாகக் கேட்கிறோம்: போர்டைக் கழற்றுங்கள், பையனின் பணத்தை இந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள், இனி எவரிடமும் இப்படிப் பிடிப்பதில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். நீங்கள் கூடிப் பேசும்போது எங்களில் இரண்டு பேருக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால், தெர்மாமீட்டரையும் டப்பாவையும் கொண்டுவந்து செய்தே காட்டுகிறோம். மதியம் மூன்றரைக்கு மேல் வைத்தால் நல்லது. ஐந்து மணிக்குள் விட்டுவிட வேண்டும், மாலை டிபனுக்கு அடுப்பு பற்ற வைக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
வேலூர் ஓட்டல், டீக்கடைத் தொழிலாளர்கள் சிலர்