தம்பிக்கு, அந்த மீன் தொட்டி விஷயமா

ஏய்யா ராசா,

வாய்ஸ் மெசேஜ் போட்டா நீ கேக்க மாட்டேங்குற, கேட்டாலும் டபுள் ஸ்பீடுல ஓட்டிட்டு "சரிம்மா சரிம்மா"ன்னு போட்டுட்டுப் போயிடுற, அதான் உக்காந்து டைப் பண்ணுறேன். நேத்து ராத்திரி ஆரம்பிச்சேன், கண்ணு கூசுதுன்னு வச்சிட்டு இன்னைக்குக் காலையில டீயக் குடிச்சிட்டு மறுபடி எடுத்துருக்கேன். பைய படி. மருமகளுக்கும் காட்டு.

ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல நீ ஆபீஸ் கதைய அளந்துட்டு இருந்தியா, உனக்குப் பின்னாடி குட்டி என்ன பண்ணுனான்னு உனக்குத் தெரியாது, எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. சோபா கைப்பிடி மேல ஏறி நின்னுக்கிட்டு, தொட்டி மூடிய ஒரு பக்கமா தள்ளிட்டு, முழங்கை வரைக்கும் உள்ள விட்டு அளைஞ்சுட்டு இருந்தா. சட்டைக் கையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்துட்டாங்க. நீ திரும்பிப் பாத்துட்டு "கோல்ட் பிஷ்தாம்மா, கடிக்காது"ன்னு சிரிக்குற. நான் மீனுக்காகவாடா கத்துனேன்?

லீவுக்கு வந்தப்ப என்ன செஞ்ச, நெனச்சுப் பாரு. கச்சான் காத்து நேரம், தென்மேக்குக் காத்துல்ல, நம்ம ஊருக்குத் தெக்க இருக்குற தென்கடல் கொந்தளிச்சுக் கெடந்துச்சு, சரி பிள்ள அலையப் பாத்து பயந்துரும்னு வடகடல் பக்கம் கூட்டிட்டுப் போனேன். அங்கிட்டு தட்டுல ஊத்தி வச்ச மாதிரி தண்ணி அசையாமக் கெடந்துச்சு, கணுக்கால் அளவுதான், நான் வேற பக்கத்துல நிக்கிறேன், நாப்பது வருசமா தண்ணிக்குள்ள முங்கி கடல் பாசி எடுத்தவ. அங்கயும் பிள்ளைய கீழ எறக்கி விடல நீ. தூக்கி இடுப்புலயே வச்சிருந்த. உனக்குக் கடலப் பாத்தா அம்புட்டு பயம், வீட்டுக்குள்ள வச்சிருக்குற தண்ணிய மட்டும் பயமில்ல.

நீ பெருமையா அளவெல்லாம் எழுதி அனுப்புனீல்ல, மூணடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றரை அடி உசரம்னு. அத உன் மாமன்கிட்ட காட்டுனேன். அவன் ஐஸ் பிளான்ட்ல எலக்ட்ரிக் வேல பாக்குறவன், கணக்குல புலி, உடனே போன்ல தட்டிப் பாத்துட்டு "ரொப்புனா 127 லிட்டர், அக்கா"ன்னான். நம்ம பிளாஸ்டிக் கொடம் 15 லிட்டர், அப்ப எட்டரைக் கொடம். எட்டரைக் கொடம்னா என்னன்னு உனக்குத் தெரியாதா, லாரித் தண்ணிக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு நின்னு நானும் உங்க அப்பத்தாளும் தூக்கிட்டு வந்ததே அம்புட்டுதான், இடுப்பு கழண்டுரும். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. கண்ணாடி, கல்லு, மணலு எல்லாம் சேத்தா 150 கிலோவத் தாண்டும்னு அவன் சொல்லுறான். அத நீ எதுமேல வச்சிருக்க? பழைய கம்ப்யூட்டர் டேபிள் மேல. அதுல டிராயர் வேற இருக்கு. பிள்ளைங்களுக்கு டிராயர்னா படிக்கட்டு தம்பி, ஒண்ண இழுத்து அதுல காலு வைக்கும், மேல எதப் புடிக்கும்? தொட்டி விளிம்பத்தான புடிக்கும். சும்மா கண்ணாடி ஒடஞ்சா நீளநீளமா கத்தி மாதிரி வரும்.

ஆக மொதல்ல அந்த டேபிள மாத்து. இரும்பு ஸ்டாண்டு, டிராயர் கிராயர் எதுவும் இல்லாம, நாலு காலும் ஆடாம. மேல பலகை, பலகை மேல தெர்மாகோல் சீட்டு, அதுமேல தொட்டி. மட்டக்கோல் வச்சுப் பாத்து சரிபண்ணணும், ஒரு பக்கம் சாஞ்சா ஓரத்துப் பசை நாள்பட விட்டுரும். ஸ்டாண்ட செவத்தோட கிளாம்ப் போட்டு ஸ்குரூ அடிச்சிரணும். வாடகை வீடு, ஓனரு திட்டுவாருன்னு சொல்லாத, ரெண்டு ஓட்டைக்கு எம்புட்டு கேக்கப் போறாரு, நான் தர்றேன். சோபாவ அங்கிட்டு நகத்திப் போடு. முக்காலி, குட்டியோட பொம்மை வண்டி, எதுவுமே தொட்டிக்குக் கைக்கெட்டுற தூரத்துல இருக்கக் கூடாது. மூடிய சும்மா வைக்காம ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு பூட்டு, தீனி போடுற ஓட்ட சின்னதா இருந்தாப் போதும்.

கரண்டு விஷயம் மாமன் சொன்னத அப்படியே எழுதுறேன், எனக்குப் புரிஞ்ச வரைக்கும். தொட்டிக்குப் போற வயரு பிளக்குல இருந்து நேரா தொட்டிக்குப் போகக் கூடாதாம், பிளக்குக்குக் கீழ ஒரு முழம் தொங்கி வளஞ்சு அப்புறம் மேல ஏறணும், அப்பத்தான் வயரு வழியா வடிஞ்சு வர்ற தண்ணி அந்த வளைவுல சொட்டி தரையில விழும், பிளக்குக்குள்ள போகாது. உன் போட்டோவுல ஜங்ஷன் பாக்ஸ் தொட்டிக்கு நேர்கீழ தரையில கெடக்கு, அதப் பாத்துட்டு அவன் ஒரு கெட்ட வார்த்த சொன்னான், அத எழுத மாட்டேன். அப்புறம் அந்தக் காத்து மோட்டார். தண்ணி மட்டத்துக்குக் கீழ வச்சிருந்தா, கரண்டு கட்டானதும் தண்ணி அந்த டியூப் வழியாவே திரும்பி இழுத்துக்கிட்டு மோட்டாருக்குள்ள வந்துருமாம். நம்ம படகுல டியூப்ப வச்சு டீசல் இழுப்பாங்கல்ல, அதே வேலைதான். மோட்டார மேல தூக்கி வை, இல்லாட்டி டியூப்ல ஒரு வால்வு போடணும், கடையில பத்து இருபது ரூவாதான். மெயின் போர்டுல ஆர்சிசிபி இருக்கான்னு பாக்கச் சொன்னான், 30 மில்லி ஆம்ப்ஸ், அது இருந்தா கரண்டு கசிஞ்ச ஒடனே தானா ட்ரிப் ஆயிரும். அது இருக்குன்னு தைரியத்துல இருக்காத, கைய விடுறதுக்கு முன்னாடி எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணு, அன்னைக்கு குட்டி கைய விட்டப்ப பில்டர் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, காத்துக் குமிழி முட்டை முட்டையா வந்தத நான் பாத்தேன்.

இப்ப ஒண்ணு சொல்லப் போறேன். உன்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல, உங்க அப்பாவும் சொல்லிருக்க மாட்டாரு.

உனக்கு அப்ப ஒன்றரை வயசு. அப்பா வலையில ஒரு சின்ன நண்டு சிக்குச்சு, நீலமும் பச்சையுமா காலு, பிள்ள பாக்கட்டும்னு உசுரோட கொண்டாந்து வாளியில கடல் தண்ணி ஊத்தி விட்டுட்டு அவரு படுக்கப் போயிட்டாரு. அர வாளி தண்ணி கூட இல்ல. நான் வாசல்ல பாசி காயப்போட்டு மரிக்கொழுந்துப் பாசி தனியா கட்டக்கோரைப் பாசி தனியா பிரிச்சிட்டு இருந்தேன், நீ எனக்கு நாலு எட்டு தூரத்துல வாளியப் புடிச்சுக்கிட்டு "ண்டு ண்டு"ன்னு கத்திக்கிட்டே இருந்த. எனக்கு வேல ஓடிக்கிட்டு இருக்கு, காது மட்டும் உன்கிட்ட. திடீர்னு ண்டு சத்தம் நின்னுருச்சு. அதுக்காகத்தான் திரும்பிப் பாத்தேன், வேற ஒரு சத்தமும் வரல, தண்ணி அடிக்கிற சத்தம் இல்ல, அழுக இல்ல. ரெண்டு குட்டிப் பாதம் மட்டும் மேல தெரிஞ்சுச்சு, உள்ளங்கால்ல மணல் ஒட்டிருந்துச்சு. நான் எப்படி எந்திரிச்சேன் எப்படித் தூக்குனேன்னு தெரியாது, விரல்ல சுத்தியிருந்த துணிகூட அவுக்கல. நீ தண்ணியக் கக்கிட்டு ஓன்னு அழுத ஒடனேதான் எனக்கு மூச்சு வந்துச்சு. அந்த நண்டு வாளி கவுந்ததுல ஓடி பாசிக் குவியலுக்குள்ள போயிருச்சு, ரெண்டு நாள் கழிச்சு செத்துக் கெடந்துச்சு.

சினிமாவுல காட்டுற மாதிரி கைய ஆட்டி காப்பாத்துங்கன்னு யாரும் கத்த மாட்டாங்க தம்பி, கொழந்த சத்தமே போடாது, தல கனம், குனிஞ்சா நிமிர முடியாது, அம்புட்டுதான். அதனால தொட்டி கழுவுற அன்னைக்கு வாளிய ஹால்ல வச்சிட்டு போன் பேசப் போகாத. குட்டி தூங்குனப்புறம் கழுவு, கழுவுன கையோட வாளியக் கொட்டிக் கவுத்து வை. உங்க அப்பா அதுக்கப்புறம் ஒரு உசுருள்ள சாமானையும் வீட்டுக்குள்ள கொண்டாரல, சங்கு எடுத்துட்டு வந்தாகூட வாசல்லயே வச்சிருவாரு, நீ ஏன்னு கேட்டுருக்க, அதான் காரணம்.

மத்ததெல்லாம் சின்னச் சின்னது. மருந்து பாட்டில், குளோரின் போறதுக்கு ஊத்துற சொட்டு மருந்து, அந்த நீல மருந்து, எல்லாம் ஜூஸ் மாதிரியே கலரா இருக்கு, தொட்டிக்கு அடியில வைக்காம பீரோ மேல ஏத்து. கலர்க் கல்லு, கோலிகுண்டு தரையில கெடந்தா வாயில போட்டுரும். தண்ணி சூடு காட்டுற அந்தக் குட்டி மீட்டரப் பாரு, அதுல பட்டன் பேட்டரி இருக்கும், அத முழுங்குனா ரெண்டு மணி நேரத்துலயே தொண்டைக் குழாயப் பொசுக்கிரும். முழுங்கிருச்சோன்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடி எக்ஸ்ரே எடு, காலையில பாத்துக்கலாம்னு இருக்காத. பேட்டரி மூடியில ஸ்குரூ இல்லாத மீட்டரா இருந்தா தூக்கிப் போட்டுரு. தொட்டியில கைய விட்டா சோப்புப் போட்டுக் கழுவு, சாமான் கழுவுற சிங்க்குல அந்தக் கல்லக் கழுவாத, மருமக சொல்ல மாட்டா, மனசுக்குள்ள திட்டுவா. கையில வெட்டுக்காயம் இருந்தா உள்ள விடாத, மீன் தண்ணியில இருக்குற கிருமி காயத்துல பூந்தா கட்டி மாதிரி வந்து மாசக்கணக்குல ஆறாது. டியூப்ப வாயில வச்சு இழுக்காத.

இன்னொண்ணு. போன வாரம் நீ கேட்டது. "கடல் தண்ணித் தொட்டியா மாத்தப் போறேம்மா, அடுத்த தடவ மாமா வர்றப்ப ரெண்டு பவளக்கல்லு, முடிஞ்சா கடல் குதிர குடுத்து விடு"ன்னு. நல்லாக் கேட்ட போ. 1986லயே நம்ம மன்னார் வளைகுடா தீவு 21ஐயும் தேசியப் பூங்கான்னு ஆக்கிட்டாங்க, 2001ல பவளம், கடல் குதிர, கடல் அட்டை எல்லாத்தையும் புலிக்கு இருக்குற அதே சட்டத்துல சேத்துட்டாங்க. எடுத்தா ஜெயிலு. பாசிக்கே நாங்க மாசத்துக்கு 12 நாள்தான் போறோம்னு நாங்களே கட்டுப்பாடு வச்சிருக்கோம், அதுலயும் பாரஸ்ட்டு ஆளுங்ககிட்ட வாங்குற பேச்சு எங்களுக்குத்தான் தெரியும். இதுல உன் ஹாலு அழகா இருக்கணும்னு நான் பவளம் ஒடைக்கணுமா? அதுவும் போக கடல் சாமான்ல எது கொட்டும் எது குத்தும்னு உனக்குத் தெரியாது. சொறி, அதான் ஜெல்லி மீனு, பட்டா எரியும், திருக்கை முள்ளு குத்துனா பெரிய ஆம்பளையே உருண்டு அழுவான், சூடு தாங்குற அளவு வெந்நியில காலை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்தாத்தான் வலி அடங்கும். பேத்தா மீனு உருண்டையா பொம்மை மாதிரி இருக்கும், உள்ள முழுக்க வெஷம். கொளத்தூர் கடையில வாங்குன கோல்ட் பிஷ்ஷே போதும். கடல் மீன் காட்டணும்னா இங்க கூட்டிட்டு வா, மண்டபம் கேம்ப்ல சிஎம்எப்ஆர்ஐ, அதான் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம், அதோட காட்சியகத்துக்கு நான் கூட்டிட்டுப் போறேன்.

தொட்டிய எடுத்துருன்னு நான் சொல்லல. பிள்ளைக்கு அது புடிச்சிருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சிருக்கா, ஒண்ணுக்கு அப்பத்தான்னு பேராம், வாயி பெருசா இருக்குற மீனுக்கு. சாயங்காலம் ஒருவேளை நீயும் அவளும் சேந்து தீனி போடுங்க, நீ அவளத் தூக்கி வச்சுக்க, அவ ரெண்டு விரல்ல எடுத்து ஓட்டைக்குள்ள போடட்டும், அப்புறம் கை கழுவிட்டு பாயில உக்காந்து பாக்கட்டும், கண்ணாடியத் தட்டக் கூடாதுன்னு சொல்லிக் குடு. ஆளு இல்லாம அந்த ரூம்ல அவ தனியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாமன் வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறுறான், சனிக்கிழமை காலையில எக்மோர். டிரில்லு, கிளாம்ப், ஆர்சிசிபி எல்லாம் அவனே கொண்டாறான், கூட நெத்திலிக் கருவாடு ரெண்டு கிலோ குடுத்து விட்டுருக்கேன், பாதிய மருமக அம்மா வீட்டுக்குக் குடு. அவன் காசு குடுத்தா வாங்க மாட்டான், சாப்பாடு நல்லாப் போடு. தொட்டி வைக்கப் போற செவுத்தோட நீளத்த டேப்பு வச்சு அளந்து இன்னைக்கே அவனுக்கு அனுப்பு, ஸ்டாண்டு வெல்டிங் பட்டறையில சொல்லணும். அவன் வர்ற வரைக்கும் மூடி மேல ஏதாவது கனமா வைக்கலாம்னு, கோணி ஊசியால தச்ச பழைய டிக்சனரி இருக்குல்ல உன்கிட்ட, அத வைக்காத, பிள்ள இழுத்து தலையில போட்டுக்கும். கயித்த வச்சுக் கட்டு.

அம்மா