மணல் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் இதழில் கடலரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'காலநிலை மாற்றத்தால் கடல் ஊருக்குள் வருகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் உங்கள் நிருபர். வசதியான பதில்தான். காலநிலை மீது யார் வழக்குப் போட முடியும்?

கடல் மட்டம் உயர்வதை நான் மறுக்கவில்லை. தானே, மாண்டஸ், ஃபெஞ்சல் புயல்கள் எல்லாவற்றையும் புதுச்சேரிக்கு வடக்கே இந்தப் பொம்மையார்பாளையத்திலிருந்தே பார்த்தவன். ஆனால் எங்கள் கரை புயலுக்காகக் காத்திருக்கவில்லை. 1980களின் கடைசியில் புதுச்சேரி துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். வருஷத்தில் பெரும்பகுதி இந்தக் கடலில் மணல் தெற்கேயிருந்து வடக்கே போகும்; தங்களுக்குத் தெரியாததல்ல. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை போனது. சேரும் மணலை வாரி வடக்கே விடுவோம் என்றுதான் அன்று திட்டம் போட்டார்கள். எவ்வளவு விட்டார்கள் என்று எந்தப் பத்திரிகையாவது கேட்டதா? நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள், அரிப்பு தந்திராயன்குப்பத்துக்கு வந்தது. அங்கே கல் போட்டதும் அடுத்த குப்பம்.

என் அப்பா கரைவலை இழுத்த காலத்தில், வலையை முழுசாக விரித்துக் காயப்போட்ட பிறகும் பிள்ளைகள் கபடி ஆட இடமிருந்தது. இன்று ஃபைபர் போட்டைத் தெருவில் ஏற்றி, கயிற்றைப் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டுகிறோம். அந்த வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்த முடியவில்லை என்று தினமும் திட்டுகிறார்.

புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்புத் தடுப்பை இறக்கினார்கள், மணல் திரும்பி வந்தது. நீங்களும் வண்ணப்படம் போட்டீர்கள். நல்ல விஷயம்தான். நாங்கள் விழுப்புரம் மாவட்டம் ஆயிற்றே! அங்கே போனால் உங்கள் அரசாங்கத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். இங்கே கேட்டால் துறைமுகம் அவர்களுடையது என்கிறார்கள். கருவிகளோடு வந்து கரையை அளந்துபோகிறவர்களோ, என்ன அளந்தோம் என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

இதையெல்லாம் முன்பே எழுதியிருக்கிறேன். ராசிபலன் போக இடம் மிஞ்சியிருக்காது, புரிகிறது.

சரி, இப்போது கேட்பது ஒன்றுதான். கட்டுரைப் படத்தின் கீழே 'புதுச்சேரி கடற்கரை' என்று போட்டிருக்கிறீர்கள். அது பொம்மையார்பாளையம். மாவட்டப் பெயரோடு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கலெக்டர் ஆபீசில் கொடுக்கும் மனுவோடு அந்தத் துண்டை இணைக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பொம்மையார்பாளையம், விழுப்புரம் மாவட்டம்.