கரும்பலகையில் பெயர் எழுதும் லீடர் இனி இல்லை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் தேர்தல் நடக்கிறது. ஒவ்வொரு வகுப்பும் தனக்கென ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும். இதுவரை வகுப்பாசிரியர்தான் லீடரை நியமித்து வந்தார். அந்த வழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்துகிறோம்.

லீடர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் வெளியே போனதும் எழுந்து வந்து, கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று எழுதி அடிக்கோடிட்டு, கீழே பெயர்களை அடுக்குகிற பிள்ளை. வேண்டியவன் பெயர் சத்தமில்லாமல் அழிந்துவிடும். வேண்டாதவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி கூடும். நானும் இரண்டு ஆண்டுகள் லீடராக இருந்தவன்தான். சாக்பீஸ் கைக்கு வந்ததும் தலைக்கேறிய கர்வத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. அந்த லீடர் ஆசிரியரின் ஆள். வகுப்பில் நடப்பதை எங்களிடம் சொல்வான். வகுப்புக்கு என்ன வேண்டும் என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. பிரதிநிதி அதைச் சொல்ல வேண்டியவர். பிள்ளைகளுக்கு இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் போதும், மீதியைப் பெரிய வகுப்புகளில் படித்துக்கொள்வார்கள் என்பது என் எண்ணம்.

சென்ற மாதம் நான்காம் வகுப்பில் ஒரு வெள்ளோட்டம் பார்த்தோம். முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் என்ன விளையாடலாம் என்று வாக்கெடுத்தோம். அன்று வந்திருந்தவர்கள் 34 பேர். ஓட்டப் பந்தயத்துக்கு 13, பந்து விளையாட்டுக்கு 11, வகுப்பிலேயே அமர்ந்து ஆடும் விளையாட்டுக்கு 10. ஓட்டப் பந்தயம் வென்றதாக ஆசிரியர் அறிவித்தார். ஒரே ஆரவாரம். அது அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. “ஓட வேண்டாம் என்றவர்கள் 21 பேர் இருக்கிறோமே, டீச்சர்?”

இப்படி ஒரு கேள்வி ஒன்பது வயதுப் பிள்ளையிடமிருந்து வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. முதல் இரண்டு இடங்களுக்கு மட்டும் மறுபடி வாக்கெடுத்தோம். பந்து 18, ஓட்டம் 16. அதே 34 பிள்ளைகள்தான், அதே அரை மணி நேரம்தான். விதி மாறியதும் வெற்றி மாறிவிட்டது. “அப்படியானால் முதலில் வந்த முடிவு பொய்யா?” என்று ஓட்டக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். பொய்யில்லை. இந்திய மக்களவைக்கும் பிரிட்டனின் காமன்ஸ் சபைக்கும் ஒரு தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வெல்கிறார். பாதியைத் தாண்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரான்சில் அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் எவரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இருவருக்கு மட்டும் மறுபடி வாக்குப்பதிவு நடக்கும். இரண்டும் நேர்மையான முறைகளே. எந்த முறை என்பதை எண்ணிக்கைக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அதைச் செய்யாதது எங்கள் பிழை. பிள்ளைகளிடம் அதை ஒப்புக்கொண்டோம். வெள்ளிக்கிழமைத் தேர்தலுக்கு இரண்டு சுற்று முறையை அவர்களே கேட்டுப் பெற்றிருக்கிறார்கள்.

சீட்டுக் குலுக்கிப் போட்டால் சண்டையே வராதே என்றும் ஒரு குழந்தை கேட்டாள். அதுவும் நடந்திருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறை அதுதான். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது. பழைய ஏதென்ஸ் நகரிலும் பெரும்பாலான பதவிகள் குலுக்கலில்தான் நிரப்பப்பட்டன. படைத்தளபதிகள் போன்ற சிலருக்குத்தான் கை உயர்த்தி வாக்களித்தார்கள். “போருக்குப் போகிறவரைக் குலுக்கலில் எடுக்க முடியுமா?” என்று நான் கேட்டதும் அந்தக் குழந்தை சற்று யோசித்துவிட்டுத் தன் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். ஓலையில் பெயர் ஏற நிலமும் வீடும் வேண்டியிருந்தது, ஏதென்ஸில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமே இல்லை என்பதையும் சொன்னோம். பெண் பிள்ளைகளுக்கு வந்த கோபம் 1893இல் நியூசிலாந்து பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை தந்த கதையைக் கேட்ட பிறகுதான் சற்றுத் தணிந்தது.

விளையாட்டு முடிந்தபின் அதே வகுப்பில் இரண்டு வாரத்துக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தார்கள். வென்ற சிறுமி மறுநாள் காலையிலேயே என் அறை வாசலில் நின்றாள். ஜன்னலோர இருக்கை வேண்டுமாம். யாருக்கு என்று கேட்டேன். “எனக்குத்தான்.” இது உன் குறையா, வகுப்பின் குறையா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். மூன்று நாள் கழித்து, மடிப்பு மடிப்பாகக் கசங்கிய ஒரு தாளோடு வந்தாள். தண்ணீர்க் குழாய் உயரமாக இருக்கிறது, குள்ளமான பிள்ளைகள் தொட்டி விளிம்பில் ஏறி நின்று வழுக்குகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. கீழே 23 பெயர்கள். அவள் வகுப்பிலேயே உயரமானவள். குழாய் அவளுக்கு எட்டும். தனக்கு வாக்களிக்காதவர்களிடமும் போய்க் கேட்டிருக்கிறாள். தினமும் அந்தக் குழாயைக் கடந்துதான் நான் என் அறைக்குப் போகிறேன், என் கண்ணில் அது பட்டதே இல்லை. இப்போது இரண்டு குழாய்களைத் தாழ்த்தியிருக்கிறோம்.

அதே தாளில் இரண்டாவது கோரிக்கை, வீட்டுப்பாடமே கூடாது என்பது. மறுத்துவிட்டேன். மறுத்ததையும் அதற்கான காரணத்தையும் வகுப்பில் போய்ச் சொல்வது அவளுடைய வேலை என்றேன். முகம் வாடிப்போனது. ஆனாலும் போய்ச் சொன்னாள்.

இனி உங்களிடம் சில வேண்டுகோள்கள். முதலாவதும் முக்கியமானதும் இதுதான்: யாருக்கு வாக்களித்தாய் என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். சாதாரணமாகக் கேட்கிற கேள்விதான், எனக்கும் நாக்கு நுனிவரை வரும். ஆனால் “அது ரகசியம்” என்று சொல்ல அவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்திருக்கிறோம். வீட்டில் அதை உடைக்க வேண்டாம். ஒரு காலத்தில் பிரிட்டனில் வாக்காளர் ஊர் முன்னால் உரக்கச் சொல்லித்தான் வாக்களித்தார். நிலக்கிழார் கேட்டுக்கொண்டிருக்க, குத்தகைக்காரர் வேறு என்ன சொல்ல முடியும்? 1856இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் ரகசிய வாக்குச்சீட்டைச் சட்டமாக்கின. பிரிட்டன் 1872இல்தான் அதற்கு வந்தது. அங்கே ரகசிய வாக்கெடுப்பு முதன்முதலில் நடந்த பாண்டிஃபிராக்ட் இடைத்தேர்தலில், வாக்குப் பெட்டிக்கு வைத்த அரக்கு முத்திரை அதிமதுர மிட்டாய் ஆலையினுடையது. இதைக் கேட்டதிலிருந்து எங்கள் பெட்டிக்கும் மிட்டாய் முத்திரைதான் வேண்டும் என்று மூன்றாம் வகுப்பு அடம் பிடிக்கிறது.

வகுப்பு வாசலில் எவரும் பென்சிலோ மிட்டாயோ வழங்க வேண்டாம். முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், வேட்பாளர் ஒருவரின் வீட்டிலிருந்து வகுப்பு முழுவதற்கும் வண்ணப் பென்சில் பெட்டிகள் வந்து இறங்கின. பிள்ளை வென்றான். பெட்டியை வாங்கியவர்களே ஒரு மாதம் அவனைக் கேலி செய்தார்கள். வேட்பாளர் பேசும் இரண்டு நிமிட உரையையும் நீங்கள் எழுதித் தர வேண்டாம். பிள்ளை எழுதிய உரையில் பிழை இருக்கும், பரவாயில்லை. பெரியவர் எழுதியது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றாம் வகுப்பில் சிலர் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். அதனால் வாக்குச்சீட்டில் பெயரோடு சின்னமும் இருக்கும். இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் தாங்களே வரைந்த குடை, பம்பரம், ஆமை ஆகியவை இப்போது தாழ்வாரத்தில் தொங்குகின்றன. ஆமைக்கு மூன்று பேர் போட்டியிட்டதால் அதைக் குலுக்கலில்தான் கொடுத்தோம்.

மூன்று வகுப்புகளிலுமாகப் பதினொரு பேர் நிற்கிறார்கள், மூன்று பேர்தான் வெல்ல முடியும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை எட்டு வீடுகளில் ஒரு பிள்ளை வாடிய முகத்தோடு இருக்கும். “உனக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும், எண்ணியதில் ஏதோ தவறு” என்று மட்டும் ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். எண்ணும்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நண்பர் பக்கத்தில் நின்று பார்ப்பார். சந்தேகம் இருந்தால் அங்கேயே மறுபடி எண்ணுவோம். பிள்ளை அழுதால் அழட்டும்.

கடைசியாக, மை. விரலில் மை வைத்தே ஆக வேண்டும் என்பது மூன்று வகுப்புகளின் ஒருமித்த கோரிக்கை. உண்மையான தேர்தல் மையில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது. தோலில் பிடித்து வெளிச்சம் பட்டுக் கறுத்துவிட்டால் எளிதில் போகாது. நாங்கள் வைக்கப்போவது அலுவலக முத்திரைப் பெட்டியின் ஊதா மை மட்டுமே. இரண்டு நாள் குளித்தால் போய்விடும். சட்டையில் பட்டால் அப்படிச் சொல்ல முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் பழைய சீருடையைப் போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்