விளையாடினால் சம்பளம் உண்டா?

நியூகாசில், ஆஸ்திரேலியா,
நவம்பர் 2025.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலமா?

நான் அனுப்பிய பெண்கள் ரக்பி லீக் ஆட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தப் பொண்ணுங்களுக்கு இதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்களா?" என்று போனில் கேட்டீர்கள். பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அம்மா போனை வாங்கி, சாப்பாடு, குளிர், முடி கொட்டுகிறதா என்று ஆரம்பித்துவிட்டார். நீங்களும் போனில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசுகிற ஆள் இல்லை. கடிதம் என்றால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படிப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். சிட்னிக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர். நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகம். கடற்கரையில் நின்றால், முறை வருவதற்காகக் காத்திருக்கும் கப்பல்கள் தூரத்தில் தெரியும். ஒரு காலத்தில் இங்கே பெரிய உருக்காலை இருந்தது, 1999இல் மூடிவிட்டார்கள். ஆலை போனாலும் ஊருக்குத் தொழிலாளிக் குணம் போகவில்லை. முகத்துக்கு நேரே பேசுவார்கள், சிட்னிக்காரர்களைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம். நம் ஆட்கள் சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள், இங்கே குறைவு. கோவிலுக்கும் கறிவேப்பிலைக்கும் அங்கேதான் போக வேண்டும். எனக்கு இந்த மாதம் இரவு ஷிப்ட் அதிகம். வார்டு வேலை பழகிவிட்டது, வாடகைதான் பழகவே மாட்டேன் என்கிறது.

இந்த ஊருக்குக் கடல், நிலக்கரிக்கு அடுத்தபடி நைட்ஸ். அதுதான் இங்குள்ள ரக்பி லீக் கிளப். 1988இல் முதல் ஆட்டம். ஆண்கள் அணி 1997இலும் 2001இலும் கோப்பை வாங்கியது. 1997 ஆட்டத்தைப் பற்றி இன்றைக்கும் பேஷன்ட்கள் எனக்கு வகுப்பு எடுக்கிறார்கள். ஊசி போடும்போதுகூட அந்தக் கடைசி நிமிஷ வெற்றிப் புள்ளியைக் கையை ஆட்டிக் காட்டுவார்கள், நான்தான் ஊசியைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கபடி சொல்லிக்கொடுக்கிற உங்களுக்கு ஆட்டம் சட்டென்று புரியும். பக்கத்துக்கு 13 பேர். பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான் கொடுக்கலாம். பந்து வைத்திருப்பவரை எதிரணி பிடித்துக் கீழே சாய்க்கும். கபடியில் பாடிப் போகிறவரை மூன்று நான்கு பேர் சேர்ந்து மடக்குவதைப் போலத்தான். ஆனால் இங்கே மடக்கினாலும் ஆள் அவுட் இல்லை, எழுந்து மறுபடி ஆட வேண்டும். ஆறு தடவை மடக்கிவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது டிரை, 4 புள்ளி. அதற்கப்புறம் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. பெண்களுக்கு 70 நிமிஷம், ஆண்களுக்கு 80.

இந்த நாட்டில் பெண்கள் இதை ஆடுவது புதுசு என்று நினைக்காதீர்கள். 1921 செப்டம்பரிலேயே சிட்னியில் இரண்டு பெண்கள் அணிகள் மோதியிருக்கின்றன. 20,000 பேருக்கு மேல் வந்து பார்த்திருக்கிறார்கள். மேகி மலோனி என்ற பெண் மட்டும் நான்கு டிரை போட்டாராம். அவ்வளவு கூட்டம் வந்தும், ரக்பி லீக்கை நடத்திய ஆண்களின் சங்கம் கைகொடுக்கவில்லை. கூட்டம் வராததால்தான் பெண்கள் விளையாட்டு வளரவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதைச் சொல்லுங்கள். அப்புறம் பல காலம் இங்கேயும் நம் ஊர்க் கதைதான். பெண்பிள்ளைகள் 12 வயது வரை பையன்களோடு சேர்ந்து ஆடலாம். அதற்கு மேல் அவர்களுக்கென்று அணி இல்லை, வீட்டுக்குப் போ என்றுவிடுவார்கள். நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நிற்கிறார்கள், இங்கே ஐந்தாறு வருஷம் முன்னாலேயே நின்றார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெண்களுக்கான தேசிய லீக் 2018இல்தான் வந்தது. நான்கே அணிகள். நைட்ஸ் பெண்கள் அணி அதில் சேர்ந்தது 2021 சீசனுக்கு. கொரோனாவால் அந்த சீசன் தள்ளிப்போய் 2022 பிப்ரவரியில்தான் தொடங்கியது. ஐந்து ஆட்டம், ஐந்திலும் தோல்வி, கடைசி இடம். அடுத்த சீசன் அதே ஆண்டு ஆகஸ்டில். பயிற்சியாளராக ரொனால்ட் கிரிஃபித்ஸ் வந்தார். பிரிஸ்பேன் அணியிலிருந்து மில்லி பாயில், டமிகா அப்டன் என்ற இரண்டு பெரிய ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தார்கள். 2022 அக்டோபர் 2, சிட்னியில் இறுதி ஆட்டம். பரமட்டா அணியை 32-12 என்று அடித்துக் கோப்பை. மார்ச்சில் ஒரு வெற்றி இல்லாத அணி, அக்டோபரில் சாம்பியன். 2023இல் மறுபடியும் கோப்பை, கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸ் அணியை 24-18 என்று வென்று.

ஊர்க்காரர்கள் இதை ஏதோ மண்ணின் மகிமை மாதிரி சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதி, வெளியிலிருந்து ஆள் பிடித்து வந்த வெற்றி. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மீதிப் பாதிதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. அந்த 2022 இறுதி ஆட்டத்தில் ஹாஃப்பேக் இடத்தில் நின்று ஆட்டத்தை நடத்தியவள் ஜெஸி சவுத்வெல், இந்த ஊர்ப் பெண், அப்போது வயது 17. அவளுடைய அக்கா ஹன்னாவும் இதே கிளப்புக்கு ஆடியவள். 17 வயதுப் பெண் திடீரென்று வானத்திலிருந்து குதிப்பதில்லை. 17 வயதுக்கு உட்பட்டோருக்கு ஒரு போட்டி, 19 வயதுக்கு உட்பட்டோருக்கு இன்னொன்று, இரண்டிலும் நைட்ஸ் பெண்கள் அணி இறக்குகிறது. 12 வயதில் இருந்த பள்ளத்துக்குப் பாலம் போட்ட பிறகுதான் இப்படி ஒரு பெண் மேலே வர முடிந்தது.

இனி உங்கள் கேள்வி. சம்பளம் உண்டு அப்பா. ஆனால் போராடித்தான் வாங்கினார்கள். 2023இல் வீரர் சங்கத்துக்கும் லீக்குக்கும் பெரிய தகராறு. ஆண்கள், பெண்கள் எல்லோருமே ஜெர்சியில் இருந்த லீக் சின்னத்தின் மேல் டேப் ஒட்டி ஆடினார்கள். பத்திரிகைக்காரர்களிடம் ஆட்ட நாளில் பேச மறுத்தார்கள். கடைசியில் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. பெண்களையும் சேர்த்துப் போட்ட முதல் ஒப்பந்தம் அதுதான். அதன்படி ஒரு பெண்ணுக்குக் குறைந்தபட்சம் 2023இல் 30,000 டாலர், ஏறி ஏறி 2027இல் 50,600. ஒரு கிளப் தன் பெண்கள் அணிக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 9 லட்சம் டாலரில் தொடங்கி 15 லட்சத்து 18 ஆயிரம் வரை போகும். மருத்துவக் காப்பீடு, பிரசவ காலப் பாதுகாப்பு எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

உடனே 50,600 டாலரை ரூபாயால் பெருக்காதீர்கள், பெருக்குவீர்கள் என்று தெரியும்! இந்த நாட்டில் யாருக்கும் சட்டப்படி கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலை முதல் மணிக்கு 24.95 டாலர். வாரம் 38 மணி நேரம் வருஷம் முழுக்க உழைத்தால் ஏறக்குறைய 49,000 வரும். ஆக, தேசிய லீக்கில் ஆடும் பெண்ணின் அடிமட்டச் சம்பளம் 2027இல்தான் அந்த அளவை எட்டும். சீசன் வருஷம் முழுக்க இல்லை என்பதும் உண்மைதான். ஆண்கள் அணிக்கு 2023இல் உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? 1 கோடியே 21 லட்சம் டாலர். அதனால் பல பெண்கள் இன்னும் வேறு வேலையும் பார்க்கிறார்கள். எங்கள் வார்டில் உதவியாளராக இருக்கும் ஒரு பெண் உள்ளூர் போட்டியில்தான் ஆடுகிறாள், காசு இல்லை. காலை ஷிப்ட் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்கு ஓடுவாள். நைட்ஸில் இடம் கிடைத்தால் ஷிப்ட்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. வேலையை விட்டுவிடலாம் என்றுகூட அவள் நினைக்கவில்லை பாருங்கள்.

என்னைக் கேட்டால் அந்த ஒப்பந்தத்தில் பணத்தைவிடப் பெரிய விஷயம் பல வருஷத்துக்குச் சேர்த்துக் கையெழுத்துப் போடலாம் என்பதுதான். அதற்கு முன்னால் ஒவ்வொரு சீசனுக்கும் தனி ஒப்பந்தம். கோப்பை வாங்கித் தந்த மில்லி பாயில் அடுத்த சீசனே சிட்னி ரூஸ்டர்ஸுக்குப் போய்விட்டார். யாரைக் குற்றம் சொல்வது? அடுத்த வருஷம் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாதவர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பாரா, படிப்பில் சேர்வாரா? டமிகா அப்டன் 2024 வரை இங்கே இருந்துவிட்டு பிரிஸ்பேனுக்குத் திரும்பினார். இந்த வருஷம் கோப்பை அங்கே போனது. இங்கே பலருக்கு வயிற்றெரிச்சல். இப்போது லீக்கில் 12 அணிகள், நல்ல ஆட்டக்காரர்களுக்கு எல்லா இடத்திலிருந்தும் அழைப்பு. கிளப்புக்குத் தலைவலிதான், ஆடுகிற பெண்ணுக்கு நல்லது.

நம் பக்கம் 2016இல் புரோ கபடியோடு சேர்த்து மூன்று பெண்கள் அணியை வைத்து ஒரு சீசன் நடத்தினார்களே, நினைவிருக்கிறதா? ஆட்டம் நடந்த நாளெல்லாம் டிவியை யாருக்கும் விடாமல் உட்கார்ந்திருந்தீர்கள். அதோடு நின்றுபோயிற்று. அங்கே ஆட்டக்காரர்கள் இல்லாமலா போய்விட்டார்கள்? வடுவூர்ப் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் உங்கள் அணியைத் தூக்கித் தூக்கிப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வருஷம் என்று ஒன்று இருந்தால்தானே கிளப்பும் சம்பளமும் வரும். இங்கே முதல் நான்கு அணியில் ஒன்று நடுவில் விலகியது, கொரோனா வந்தது, சீசனே தள்ளிப்போனது. ஆனாலும் விடாமல் நடத்தினார்கள்.

வேலை நிமித்தம் எனக்குக் கண்ணில் படுவது காயம். தலையில் அடிபட்டால் உடனே வெளியே எடுத்துச் சோதிக்கிறார்கள். மூளை அதிர்ச்சி உறுதியானால் பொதுவாகக் குறைந்தது 11 நாள் ஆடக் கூடாது என்று விதி. முழங்கால் லிகமென்ட் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கிழிந்தால் ஆபரேஷன், அப்புறம் முக்கால் வருஷமோ ஒரு வருஷமோ மைதானத்துப் பக்கம் போக முடியாது. நைட்ஸ் போன்ற கிளப்பில் மருத்துவர், பிசியோ எல்லாம் இருக்கிறார்கள். உள்ளூர் அணியில் ஐஸ் பையும் பேண்டேஜும்தான். ஞாயிறு ஷிப்ட் வந்தால் தெரியும்.

அதனால்தான் கேட்கிறேன், உங்களிடம் இப்போது பயிற்சிக்கு வரும் அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு முழங்கால் வீங்குகிறது, திடீரென்று மடங்கிவிடுகிறது என்றீர்களே. எண்ணெய் தடவி, கட்டுப் போட்டு ஆடவிடாதீர்கள். மாவட்டப் போட்டி போனால் போகட்டும். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் எலும்பு டாக்டரிடம் காட்டி, ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். பஸ் செலவுக்கு அவள் அப்பா யோசித்தால் நான் அனுப்பியதிலிருந்து கொடுங்கள், அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருப்பதையும் அவரிடம் விளக்குங்கள். ஆனால் அதற்குச் சான்றிதழ் மட்டும் போதாது, நல்ல கால் வேண்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் தம்பியை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். இங்கே பிசியோவிடம் காட்டிக் கேட்கிறேன். உங்கள் பிரஷர் மாத்திரையை நிறுத்தவில்லைதானே?

அன்புடன்,
உங்கள் மகள்