குறுக்கே போகவில்லை, கூடவே வருகிறது

குளத்தங்கரையில் காலைநடை போகும் குழுவைச் சேர்ந்த அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். ஆலமரத்தில் நீங்கள் கட்டியிருக்கும் அட்டையைப் படித்தேன். ‘சுகாதாரம் கருதி, கரைக்குப் பூனைகளைக் கொண்டுவர வேண்டாம்.’ செங்கோட்டையில் இந்தக் கரைக்கு ஆளோடு வருகிற பூனை ஒன்றே ஒன்றுதான். பன்மையில் எழுதியது உங்கள் தாட்சண்யம். அது என் மிளகுக்குத்தான் என்பது எனக்குப் புரியாமலா இருக்கும்?

‘கொண்டுவர’ என்ற சொல்லிலேயே எனக்கு வழக்கு இருக்கிறது. நான் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டதும் அது தானாகத் திண்ணையிலிருந்து குதித்துவிடும். நாயைப் போல ஒட்டி நடக்காது. பத்தடி பின்னால் வரும். திடீரென்று வாலை நட்டுவைத்த கம்பாக நிமிர்த்திக்கொண்டு முன்னால் ஓடும். ஆவாரஞ்செடியை முகர்ந்து நிற்கும். மைல்கல்லில் கன்னத்தை உரசும். அது கொஞ்சல் மட்டுமல்ல. கன்னத்துச் சுரப்பியின் வாசனையைப் பூசித் தன் வட்டாரத்துக்கு அடையாளம் வைக்கிறது. குளத்தில் மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு வந்ததும் நின்றுவிடும். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்காது. கலுங்குச் சுவரில் ஏறி, முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்துகொள்ளும். அரை மணி கழித்து நான் திரும்பி வரும்போது ஒரே ஒரு முறை கத்தும், இவ்வளவு நேரமா என்பதுபோல. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து, நம் ஊருக்கே மாநிலம் மாறியது. மிளகின் எல்லை நான்கு வருடமாக ஒரு சாண் நகரவில்லை.

கேரளத்துப் புனலூரில் என் நாத்தனார் வீட்டில் பிறந்தது அது. அங்கே ‘பூச்ச’ என்று அழைத்துப் பழக்கிவிட்டார்கள். இன்றும் அந்தச் சொல்லுக்குத்தான் திரும்பிப் பார்க்கும்; நாம் ‘பூனை’ என்றால் காது மட்டும் அசையும்.

இப்போது சுகாதாரத்துக்கு வருகிறேன். மனம் விட்டுச் சொன்னால், அட்டையில் இருப்பது சுகாதாரம், உள்ளே இருப்பது சகுனம். போன மாதம் உங்களில் ஒருவர் மிளகைப் பார்த்ததும் வீட்டுக்குத் திரும்பி, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டு மறுபடி புறப்பட்டு வந்தார். தவறில்லை, என் ஆச்சியும் அப்படித்தான் செய்வாள். ஆனால் சாத்திரம் சொல்வது குறுக்கே போகிற பூனையைப் பற்றி. கூடவே வருகிற பூனைக்கு என்ன பலன் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் நான் பார்த்ததில்லை.

வெறிநோய் பற்றிய பயம் வேறு. அது நியாயமான பயம். நாயிடமிருந்து மட்டுமல்ல, பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் அந்த நோய் வரலாம். அதனால்தான் மூன்று மாதக் குட்டியாக இருந்தபோதே கால்நடை மருத்துவமனையில் தடுப்பூசி போட்டேன், வருடந்தோறும் போடுகிறேன். அட்டை கைவசம் இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுகிறேன். எந்தப் பூனை பிறாண்டினாலும் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஊசிக்கு ஓடுங்கள். மஞ்சள் அப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒரு குற்றத்தை நானே ஒப்புக்கொள்கிறேன். கரையோர நாணலில் தாழைக்கோழி குஞ்சு பொரிக்கும். மிளகின் கண் அங்கே போவதை நான் கவனித்திருக்கிறேன். ஆகவே நாளை முதல் மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையும் கயிறும் போட்டுத்தான் வருவேன். கழுத்துப்பட்டை பூனைக்கு ஆகாது. உருவிக்கொண்டு ஓடும், இல்லையென்றால் எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கும். புளியரைப் பக்கம் போகும் லாரி ஆரன் அடித்தாலோ, தெருநாய் வந்தாலோ தூக்கிப் போட்டுக்கொள்ளத் தோளில் துணிப்பையும் இருக்கும். இந்தப் பையைப் பார்த்து என் மருமகள் சிரிக்கிறாள், அது தனிக்கதை.

உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்று 1976-இல் அரசமைப்பில் சேர்த்தார்கள். அதைக் காட்டி உங்களை மிரட்ட எனக்கு விருப்பமில்லை. தினமும் முகம் பார்த்துப் பேசுகிறவர்கள் நாம். அட்டையில் ‘கயிறு இல்லாமல்’ என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும். சாரல் நாட்களில் மிளகு திண்ணையை விட்டே இறங்காது. ஆனி, ஆடியில் உங்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

இன்னொன்று. கலுங்குச் சுவரில் என்னையும் உட்காரவைத்துவிட்டது இந்தக் கயிறு. இனி நானும் அதைத் தாண்டி நடக்க முடியாது. காலை ஆறு மணிக்கு அங்கேதான் இருப்போம். அந்தப் பக்கம் வரும்போது கையைத் தட்டி விரட்டாமல் வாருங்கள், பிளாஸ்கில் சுக்குக்காப்பி கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மிளகின் வீட்டுக்காரி
செங்கோட்டை