சனிக்கிழமை நடை: இன்னும் பெயர் கொடுக்காதவர்கள் கவனிக்கவும்

தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்பின் 'மார்ச் ஃபார் பேபீஸ்' நடை வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு. இந்த முறை நகராட்சி பூங்கா வாடகையைத் தள்ளுபடி செய்திருக்கிறது; ஏரிச் சாலையையும் 11 மணி வரை மூடித் தருகிறார்கள். துப்புரவு முன்பணம் மட்டும் உண்டு. குப்பை கிடந்தால் அது திரும்பி வராது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: 1938இல் அதிபர் ரூஸ்வெல்ட் போலியோவை எதிர்க்கத் தொடங்கிய அமைப்பு இது. தடுப்பூசி வந்த பிறகு பிறவிக் குறைபாடு, குறைப்பிரசவம் என்று கவனம் திரும்பியது. நடை 1970இலிருந்து நடக்கிறது. 37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதக் குழந்தை. நம் குழுவிலேயே ஒருத்தி 29 வாரத்தில் பிறந்தவள். அப்பாவின் மோதிரம் அவள் கையில் வளையலாகக் கிடந்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை பதாகை பிடிக்கப்போவது அவள்தான்.

1. காலை 8.15க்குள் நூலக வாசலுக்கு வந்துவிடுங்கள். 8.30க்குச் சாலையை மூடிவிடுவார்கள். போன வருடம் நாலு கார் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.
2. வண்டியை நூலகத்தின் பின்புறம் நிறுத்தவும்.
3. நன்கொடையை அமைப்பின் இணையதளத்திலேயே செலுத்துங்கள். என் கையில் பணமாகத் தர வேண்டாம், கணக்கு வைத்து மாளவில்லை.
4. தண்ணீர் பாட்டில் உங்களுடையது. இட்லி குழுச் செலவு.

வியாழன் இரவு 9 மணிக்குள் எத்தனை பேர் என்று எண்ணிக்கையோடு பதில் போடுங்கள். கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினால் எத்தனை இட்லி என்று நான் எப்படிச் சொல்வது?