ஆமாம் போட்ட பையனின் நன்றி மடல்

அன்புள்ள கண்மணிப் பூங்கா அக்காவுக்கும், அன்றைக்கு உதவிய மற்றவர்களுக்கும்,

வணக்கம். சென்னைத் தொலைக்காட்சிக்கு 2025 ஆகஸ்ட் 15ஆம் தேதியோடு 50 வயது நிறைந்தது. பொதிகை ஆகி, 2024இல் டிடி தமிழும் ஆகிவிட்டது. எங்கள் வயதுக்காரர்களுக்கு அது இன்னும் மெட்ராஸ் டிவிதான். இந்தச் சாக்கிலாவது பழைய பாக்கியைத் தீர்த்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

1981. நான் ஐந்தாம் வகுப்பு. நீங்கள் நடத்திய 'கண்மணிப் பூங்கா' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் வில்லுப்பாட்டுக்காக எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆறு பேரை டிவி நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். எனக்குப் பாட்டு வராது. பக்கத்தில் உட்கார்ந்து 'ஆமாம்' போடுகிற வேலை. நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "அப்போ ஊர்க் கிணறு என்ன ஆச்சு அண்ணே?" அவ்வளவுதான். அதற்கே எங்கள் வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்தக் காலக் கேமராவில் வெள்ளை பளீரென்று அடித்து, முகம் இருட்டாகத் தெரியுமாம். என்னிடம் உருப்படியாக இருந்ததோ யூனிஃபார்ம் வெள்ளை மட்டும். எதிர்வீட்டு அண்ணன் தன் இளநீலச் சட்டையைக் கொடுத்தார். என்னைப் போல இன்னொருவனும் உள்ளே நுழையலாம், அத்தனை தொளதொளப்பு. அவருடைய அம்மா முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்து நாலு ஊக்கு குத்தி, "திரும்பிடாதேடா" என்று சொல்லி அனுப்பினார். சட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது ஊக்கு மூன்றுதான் இருந்தது. மன்னிக்கவும் அண்ணா.

திருவல்லிக்கேணியிலிருந்து நடந்தே போனோம். சேப்பாக்கம் ஸ்டேடியத்தைத் தாண்டினால் சுவாமி சிவானந்தா சாலை. வில்லை இரண்டு பையன்கள் தூக்கி வர, குடத்தை டீச்சர் இடுப்பில் வைத்துக்கொண்டார். வழியில் ஒரு அம்மாள் டீச்சரை நிறுத்தி, "எந்தத் தெருவுல தண்ணி விட்டிருக்கான்?" என்று விசாரித்தார். டீச்சருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, குடமும் சுமந்த அந்த டீச்சருக்கு முதல் நன்றி.

ஸ்டூடியோவுக்குள் அப்படி ஒரு குளிர். ஏசி என்ற ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேலே விளக்குகள் சுட, கீழே கால் விறைத்தது. கேமராக்காரர் ஒருவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒத்திகை முடியும்வரை போர்த்திக்கொள் என்று கொடுத்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு டிவிப் பெட்டி வைத்திருந்தார்கள். அதில் ஒரு பையன் தொளதொள சட்டையில் தலையாட்டிக்கொண்டிருந்தான். நான் ஆட்டினால் அவனும் ஆட்டினான். நான் நிறுத்தினால் நிறுத்தினான். அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் கேள்வி வர வேண்டிய இடம் வந்துவிட்டது. எனக்கு வாய் வரவில்லை. பாடிக்கொண்டிருந்தவள் என் தொடையைக் கிள்ளினாள். அப்போதும் வரவில்லை.

ரெக்கார்டிங்கை நிறுத்தினார்கள். திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அக்கா, நீங்கள்தான் வந்தீர்கள். புடவையைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் என் எதிரே உட்கார்ந்தீர்கள். "பயப்படாதே" என்று நீங்கள் சொல்லவில்லை. அதைச் சொன்னால்தான் பயம் கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "கிணறு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டீர்கள். தெரியும் என்றேன். "எனக்குத் தெரியாதே. இங்க உட்கார்ந்துக்கறேன், எனக்காகக் கேட்டுச் சொல்றியா?" அப்புறம் எழுந்து போகும்போது, அங்கே நின்றவரிடம் மெதுவாக ஏதோ சொன்னீர்கள். அவர் அந்தப் பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

அடுத்த தடவை கேள்வி கணீரென்று வந்தது.

அகில இந்திய வானொலியில் கூத்தபிரான் 'வானொலி அண்ணா'. இலங்கையிலிருந்து ஒரு 'வானொலி மாமா'. குழந்தைகளோடு பேசுகிறவர்களை நம் ஊரில் யாரும் தொகுப்பாளர் என்று கூப்பிட்டதில்லை, உறவு வைத்துத்தான் கூப்பிட்டோம். எனக்கு நீங்கள் இன்றும் அக்காதான். எனக்குப் பேத்தி பிறந்த பிறகும் மாற்றத் தோன்றவில்லை.

ஒளிபரப்பு அன்று நடந்ததையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். தெருவிலேயே மாடி வீட்டு மாமியிடம்தான் டிவி இருந்தது. கதவு வைத்த சாலிடேர், மேலே குரோஷா விரிப்பு. மாமி அன்றைக்குச் செருப்பை வெளியே விடச் சொன்னதோடு சரி, யாரையும் தடுக்கவில்லை. கூடம், வாசற்படி, ஜன்னல் எங்கும் தலைகள். எனக்கு மட்டும் நாற்காலி. மொட்டைமாடியில் ஒருவர் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டே நின்றார். நீங்கள் திரையில் வந்து, "இப்போ நம்ம நண்பர்கள் வில்லுப்பாட்டோட வந்திருக்காங்க" என்று சொன்னீர்கள். கரண்ட் போய்விட்டது.

தடங்கலுக்கு வருந்துகிறோம் என்ற அட்டைகூட வரவில்லை, வெறும் இருட்டு. திரும்பி வந்தபோது வயலும் வாழ்வும் ஓடிக்கொண்டிருந்தது. அழுத எனக்கு மாமி தட்டை கொடுத்தார். மாடியில் நின்றவர் விஷயம் தெரியாமல் இன்னும் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். இந்த இருவருக்கும் நன்றி.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது தெருமுனை இஸ்திரிக்காரர் கூப்பிட்டார். முந்தின நாள் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தாராம். அந்தப் பேட்டையில் கரண்ட் போகவில்லை. பூங்காவில் இருந்த பொது டிவியில், நின்றபடி, முழுசாகப் பார்த்திருக்கிறார். "நீ எப்படிப் பண்ணே தெரியுமா?" என்று கரிப்பெட்டியைக் கல்மேல் தூக்கி வைத்தார். கையை மடியில் கோத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, "ஆமாம்... ஆமாம்..." என்று தலையாட்டிக் காட்டினார். இன்னொரு தடவை என்று கேட்டேன். மறுபடியும் ஆட்டினார். கிணறு என்ன ஆச்சு என்பதையும் என் குரலிலேயே கேட்டுக் காட்டினார். பள்ளிக்கூட மணி அடிப்பது எங்கள் இருவருக்குமே கேட்டது.

என்றும் அன்புடன்,
நீலச் சட்டைப் பையன்